முடிவு தெரிந்த கதையை விடிய விடிய ஏன் பார்க்கிறோம்? பாத்திரமா, கதைப்பின்னலா?

கூத்துக்கரை எழுதியது:

கதையில் பாத்திரம் பெரிதா, கதைப்பின்னல் பெரிதா என்பது பழைய வழக்கு. பாத்திரமே பெரிது என்பது என் கட்சி. அதை நிறுவ ரசனையை மட்டும் துணைக்கு அழைத்தால், உங்களுக்கு அது பிடிக்கிறது, எனக்கு இது பிடிக்கிறது என்று பேச்சு அன்றைக்கே படுத்துவிடும். ஆகவே கதையின் முடிவு எல்லாருக்கும் தெரிந்திருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். அடுத்து என்ன நடக்குமோ என்ற ஆவலைக் கழித்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சுகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். கர்ண மோட்சம் ஆடுகிற இரவில், களரியைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் கர்ணன் விடிவதற்குள் சாகப்போகிறான் என்பதை அறியாதவர் ஒருவரும் இருக்கமாட்டார். கூத்தின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை, குலம் கோத்திரம் தெரியாதவன் என்று அவள் அவனை இகழ்கிறாள். அவன் பொறுமையாகவும் பிறகு பொறுமை இழந்தும் பதில் சொல்கிறான். வியாசரிடம் பொன்னுருவி இல்லை. தமிழ்நாட்டு மரபு அவளை உண்டாக்கிக்கொண்டது. கதைப்பின்னலின் கணக்கில் இந்தக் காட்சியின் வரவு என்னவென்று பார்த்தால் சுழியம்தான். அவள் மனம் இரங்கினாலும் இரங்காவிட்டாலும் அவன் களத்துக்குப் போவான், தேர்க்கால் மண்ணில் புதையும், அர்ச்சுனன் அம்பு தொடுப்பான். ஆயினும் கூத்தில் இந்த வாக்குவாதம்தான் நீண்டு நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து உட்காருவது இங்கேதான்.

இன்னொரு சான்று கம்பனிலிருந்து. கும்பகருணனைத் தம் பக்கம் அழைத்து வருமாறு இராமன் வீடணனைப் போர்க்களத்துக்கு அனுப்புகிறான். தம்பி வந்து மன்றாடுகிறான். அண்ணன் மறுக்கிறான்: "நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்." வாழ்வு நீர்மேல் இட்ட கோலம் என்று தெரிகிறது, இராவணன் செய்தது பிழை என்றும் தெரிகிறது, முன்பு அவையில் "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்" என்று முகத்துக்கு நேரே இடித்துரைத்தவனும் இவன்தான். இருந்தும் செஞ்சோற்றுக் கடன் அவனை விடவில்லை. இந்தச் சந்திப்பை முழுவதும் நீக்கிவிட்டாலும் போர் அப்படியே நடக்கும், அவன் அப்படியே மடிவான். ஆனால் யுத்த காண்டத்தை ஒருமுறை படித்தவர்களிடம் நினைவிலிருந்து ஒரு காட்சி சொல்லச் சொன்னால் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். நிகழ்ச்சிக் கோவைக்கு ஒரு பயனும் தராத காட்சியே கதையின் உயிராக இருக்கிறதென்றால், அந்த உயிர் நிகழ்ச்சிக் கோவையில் இல்லை என்றுதானே பொருள்?

மேசைவிளக்கு எழுதியது:

எடுத்துக்காட்டுகள் நன்று, முடிவு மட்டும் அவற்றிலிருந்து கிடைக்கவில்லை. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் துன்பியல் நாடகத்தின் ஆறு உறுப்புகளைக் கூறி, கதைப்பின்னலே அதன் ஆன்மா, குணச்சித்திரம் அதற்கு அடுத்தது என்று வரிசைப்படுத்துகிறார். குணத்தைக் காட்டும் பேச்சுகளை எத்தனை அழகாகக் கோத்தாலும் அது துன்பியல் விளைவைத் தராது, சொல்லிலும் குணத்திலும் குறையுள்ள நாடகம்கூடக் கதைப்பின்னல் சரியாக அமைந்தால் அதைத் தந்துவிடும் என்பது அவர் வாதம். மிக அழகிய வண்ணங்களைத் தாறுமாறாகப் பூசுவதைவிட, வெள்ளைக் கோட்டால் வரைந்த ஓர் உருவம் கண்ணுக்கு இன்பம் தரும் என்றும் சொல்கிறார்.

இதைக் கும்பகருணனுக்குப் பொருத்திப் பாருங்கள். "போகேன்" என்ற சொல்லுக்கு அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? எதிரே இராமனின் படை நிற்கிறது. பின்னால் இலங்கை இருக்கிறது. உறக்கத்திலிருந்து எழுப்பி, ஊனும் கள்ளும் ஊட்டி, போர்க்கோலம் பூட்டி அனுப்பியாயிற்று. இனித் திரும்ப வழியில்லாத ஓர் இடத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது கதைப்பின்னல். அதே உரையாடல் போருக்கு ஆறு மாதம் முன்பு, இலங்கை நந்தவனத்தில், அண்ணனும் தம்பியும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நடந்திருந்தால் அது ஓர் அறநெறி விவாதமாக இருந்திருக்கும். யாருக்கும் தொண்டை அடைத்திருக்காது. நீங்கள் அந்தக் காட்சியை நீக்கினால் கதைப்பின்னல் நிற்கும் என்று காட்டினீர்கள். கதைப்பின்னலை நீக்கினால் அந்தக் காட்சி நிற்குமா என்றும் கேட்டிருக்க வேண்டும்.

பொன்னுருவிக்கும் இதே பதில்தான். அந்த வாக்குவாதத்தைப் பார்ப்பவர்கள் மனத்தில் விடியற்காலை மரணம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரிந்திருப்பதால் கதைப்பின்னல் கழிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். முடிவு தெரிந்திருப்பதால்தான் அது ஒவ்வொரு சொல்லையும் அழுத்துகிறது என்று நான் எண்ணுகிறேன்.

நாலாவது ரீல் எழுதியது:

தொழில் முறையில் ஒரு சிறு குறிப்பு. சில திரைக்கதை விவாதங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தயாரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "ஒன்லைன் என்ன?" என்பதுதான், "அவன் எப்படிப்பட்டவன்?" என்று எவரும் முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. இடைவேளையில் என்ன திருப்பம், கிளைமாக்ஸில் என்ன திருப்பம் என்று சுவரில் அட்டைகளை ஒட்டி முடித்த பிறகு, "நாயகனுக்கு ஒரு கேரக்டர் வேண்டுமே" என்று பேச்சு வரும். உடனே யாராவது அவனுக்கு ஒரு மறதியையோ, கோபத்தையோ, இறந்துபோன அம்மாவின் புகைப்படத்தையோ கொடுத்துவிடுவார்கள். படம் பார்க்கும்போது இரண்டாம் பாதியில் நமக்கு ஏன் கொட்டாவி வருகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் அந்த மேசையிலேயே இருக்கிறது. அந்தத் திருப்பங்கள் யாருக்கு நேர்ந்தாலும் நேரும். இவனுக்கு நேர்வதால் எதுவும் மாறுவதில்லை.

தொலைக்காட்சித் தொடர்களில் நிலைமை தலைகீழ். அங்கே கதைப்பின்னல் என்று தனியாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடத்தல், விபத்து, நினைவு தப்புதல், திருமண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் "நிறுத்துங்கள்" என்று ஒரு குரல், இவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. மக்கள் ஆண்டுக்கணக்கில் பார்ப்பது அந்த மாமியாரையும் மருமகளையும்தான். நடிகை மாறி, "இனி இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்து வந்தால்கூட ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்கிறார்கள். முகம் மாறலாம், ஆள் மாறக்கூடாது.

பழைய ஏடு எழுதியது:

மேசைவிளக்கு அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. பாத்திரமும் நிகழ்ச்சியும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிக் கிடக்கின்றன என்பதைப் பார்க்கச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்று. சிலம்பின் பதிகம் கதை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்டதும், பாண்டியன் உயிர்விட்டதும், மதுரை எரிந்ததும் காப்பியம் தொடங்கும் முன்பே நம் கையில் வந்துவிடுகின்றன. அதோடு ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்ற அறிவிப்பும் சேர்ந்துகொள்கிறது. இதைவிடத் தெளிவாக நிகழ்ச்சிகளின் பக்கம் நின்று ஒரு நூல் பேச முடியாது. எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது, மனிதர்கள் அதன் வழியே நடந்து போகிறவர்கள் என்பதுபோல் இருக்கிறது.

ஆனால் கொலைக்களக் காதைக்கு வந்து பாருங்கள். கோவலனைக் கொல்லும் ஆணை எப்படிப் பிறக்கிறது? அரசவையில் ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் அரசன் மனம் போனதைக் கண்டு கோப்பெருந்தேவி ஊடல் கொள்கிறாள். அதை வெளிக்காட்டாமல் தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தணிப்பதற்காக அமைச்சர் குழுவை விட்டு அரசன் அவள் மாளிகை நோக்கி விரைகிறான். வழியில், வாயிலுக்கு முன்னால், பொற்கொல்லன் விழுந்து வணங்கிச் சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகச் சொல்கிறான். அந்தச் சிலம்பு கிடைத்தால் தேவியின் ஊடல் தீரும் என்று எண்ணும் கணவன் ஒருவன் அங்கே நிற்கிறான்; வழக்கு விசாரிக்கும் அரசன் அந்த நேரத்தில் அங்கே இல்லை. "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

ஊழ் என்று இளங்கோ இதை அழைக்கிறார். ஆனால் அவர் எழுதிக் காட்டியிருப்பது, மனைவி முகம் கோணினால் நிலைகொள்ளாத ஒரு மனிதனை. இதே பாண்டியன்தான் மறுநாள் கண்ணகி சிலம்பை உடைத்ததும், முத்துக்குப் பதிலாக மணி தெறித்ததைக் கண்டதும், ஒரு சாக்கும் சொல்லாமல் "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே உயிர்விடுகிறான். அவசரத்தில் தவறிய அதே மனம்தான் தவற்றை உணர்ந்த கணமே தன்னைத் தண்டித்துக்கொள்கிறது. வேறொரு அரசனை அங்கே நிறுத்துங்கள்: விசாரித்திருப்பான், கொலையே நடந்திருக்காது, அல்லது, நடந்த பிறகு பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டுவிட்டு அரியணையிலேயே இருந்திருப்பான். இரண்டு வகையிலும் இந்தக் காப்பியம் இல்லை. நிகழ்ச்சி பாத்திரத்தை நிறுத்திவைக்கிறது என்றீர்கள். இங்கே பாத்திரம் நிகழ்ச்சியைப் பெற்றெடுக்கிறது.

துப்பறிவோன் எழுதியது:

காப்பியங்களை வைத்தே பேசினால் பாத்திரக் கட்சிதான் வெல்லும்; அவை அதற்காகவே செதுக்கப்பட்டவை. துப்பறியும் கதைக்கு வாருங்கள். 1926இல் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் ஆக்ராய்ட் கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். இதுவரை படிக்காதவர்களுக்காக முடிவைச் சொல்லப்போவதில்லை. அந்த முடிவைச் சொன்னால் நூலின் பாதி போய்விடும் என்று நான் தயங்குவதே என் வாதத்துக்குப் போதுமான சான்று. அந்த ஊர்க்காரர்களின் குணங்கள் எனக்கு இப்போது மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. கதை கட்டப்பட்ட விதம் மட்டும் மறக்கவே இல்லை. பாத்திரங்கள் தட்டையாக இருந்தும் ஒரு கதை தலைமுறை கடந்து வாசிக்கப்படுகிறது என்றால், பாத்திரமே கதையின் உயிர் என்று பொதுவிதி வகுப்பது எப்படி?

கூத்துக்கரை எழுதியது:

துப்பறிவோன் ஐயா, அதே இனத்திலிருந்தே ஓர் எதிர்ச்சான்று. ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் கானன் டாயில் அருவியில் தள்ளிக் கொன்றார். எழுத்தாளர் அவரே, புதிர் போடும் திறமையும் குறைந்துவிடவில்லை. ஹோம்ஸ் கதைகள் வந்த அதே பத்திரிகையில் வேறு கதைகளும் அவர் எழுதினார். வாசகர்கள் கேட்டது புதிரை அன்று, அந்த ஆளை. 1903இல் அவனை உயிரோடு திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று. அவன் துப்பறிந்த வழக்குகளில் எத்தனையை இப்போது கோவையாகச் சொல்ல முடியும் என்று நம்மில் யாரைக் கேட்டாலும் நாலைந்தைத் தாண்டமாட்டார்கள். ஆனால் அவன் வயலினையும், வேலையில்லாத நாளில் அவன் படும் சலிப்பையும், நண்பரிடம் பேசும் அந்த எரிச்சலூட்டும் தோரணையையும் எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் காட்டிய நூலை நான் மறுக்கவில்லை; அது ஒருமுறை வெடிக்கும் வகை. மறுவாசிப்பில் அதை நாம் ரசிப்பது அந்த ஆசிரியை எப்படி நம்மை ஏமாற்றினார் என்பதைத்தான். அது வித்தையைப் பற்றிய ரசனை.

இனி மேசைவிளக்கு அவர்களுக்கு. கதைப்பின்னலை நீக்கினால் காட்சி நிற்குமா என்றீர்கள். நிற்காது, ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் நான் கதைப்பின்னலே வேண்டாம் என்று சொல்லவில்லை. எது எதற்காக இருக்கிறது என்பதே என் கேள்வி. நீங்கள் சொன்ன அதே இடத்துக்கு, அதே நெருக்கடிக்கு, கம்பன் இரண்டு தம்பிகளைக் கொண்டுவருகிறான். ஒரே அண்ணன், ஒரே குற்றம், ஒரே அவையில் இருவரும் இடித்துரைக்கிறார்கள், இருவருக்கும் எதிர்ப்பக்கம் கதவு திறந்திருக்கிறது. ஒருவன் போகிறான், மற்றவன் போகவில்லை. சூழ்நிலையே பேசவைக்கிறது என்றால் இருவரும் ஒன்றையே பேசியிருக்க வேண்டும். இன்னும் ஒன்று பாருங்கள்: கதை நடப்புக்கு வீடணன் வேண்டும், வெல்லமுடியாத வலிமை பெற இராவணன் மகன் இந்திரசித்து செய்த நிகும்பலை வேள்வியை அவன் சொல்லாவிட்டால் போர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. கும்பகருணனோ நடப்புக்கு ஒரு வீரன், அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதன், சுக்கிரீவனால் மூக்கு அறுபட்டு, கைகளும் கால்களும் துணிக்கப்பட்டுக் கிடக்கும்போது இராமனிடம் இரண்டு வரம் கேட்கிறான். தம்பி வீடணனை இராவணன் கண்டால் கொன்றுவிடுவான், அவனை உன்னை விட்டுப் பிரியாமல் காத்துக்கொள் என்பது ஒன்று. மூக்கிலா முகம் என்று அமரர் நோக்காதபடி என் தலையை அறுத்துக் கடலுக்குள் போட்டுவிடு என்பது மற்றொன்று. கட்சி மாறிய தம்பியின் உயிர்மேல் கவலையும், தன் முகத்தைப் பற்றிய மானமும் ஒரே மூச்சில் வருகின்றன. எந்தக் கதைப்பின்னல் இதைக் கேட்டது?

முற்றத்துக் கதை எழுதியது:

நாட்டுப்புறக் கதைகளை இங்கே யாரும் தொடவில்லை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று தொடங்கும் கதையில் அந்த ராஜாவுக்குப் பெயரும் கிடையாது, குணமும் கிடையாது. ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை வெல்வான் என்பது மட்டும் உண்டு. ருஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட ஆய்வில், மாயக்கதைகளை 31 செயற்கூறுகளாகப் பிரித்து, செய்பவர் யாராக இருந்தாலும் செயல் மாறுவதில்லை என்று காட்டினார். பாத்திரம் என்பது அங்கே ஒரு காலியிடம். குழந்தைகள் அதே கதையைத் தினமும் கேட்கிறார்களே, அது யாருக்காக?

சொல்கிற பாட்டிக்காக என்று ஒரு பதில் சொல்லலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. நரி பேசும்போது பாட்டியின் குரல் மாறுகிறது, ராட்சசன் வரும்போது முழங்காலைத் தட்டுகிறாள். ஏட்டில் காலியாக இருக்கும் இடத்தைச் சொல்பவர் நிரப்புகிறார். அச்சில் வந்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகள் பலவும் ஏன் சப்பென்று இருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். ஆனால் இதனால் கூத்துக்கரை அவர்களின் கட்சிக்கு முழு வெற்றி கிடைத்துவிடாது. பிராப் சொன்ன எலும்புக்கூடு இல்லாமல் பாட்டிக்கும் நிரப்ப ஒன்றும் இராது.

குருகு எழுதியது:

சுருக்கமாக ஒன்று. அகப்பாடல்களில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. நிகழ்ச்சித் தொடரும் அங்கே இல்லை, ஒரு கணம்தான். ஆயினும் குறுந்தொகையில் கபிலர் பாடிய அந்தத் தலைவியை யாரால் மறக்க முடியும்? அவன் தன்னை மணந்த பொழுது சாட்சி சொல்ல யாரும் இல்லை, தினைத்தாள் போன்ற மெல்லிய பச்சைக் கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீன் பார்த்திருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள். அதுவும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர், ஊர், முன்கதை, பின்கதை எதுவும் இல்லாமல் ஐந்து அடிகளில் ஒரு முழுப் பெண். பாத்திரம் என்றவுடன் நாம் வரலாறும் பழக்கவழக்கங்களும் தேடுகிறோமே, அது அவ்வளவு தேவைதானா என்று இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

புதிய பேனா எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு நடைமுறைக் கேள்வி. நான் சிறுகதை எழுதப் பழகுகிறேன். நாயகியின் பிறந்த ஊர், படிப்பு, பிடித்த நிறம், பயம் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டேன். கதை மட்டும் நகரமாட்டேன் என்கிறது. பாத்திரம்தான் முக்கியம் என்றால் எனக்கு ஏன் இப்படி?

நாலாவது ரீல் எழுதியது:

அந்த நோட்டில் இருப்பவை விவரங்கள், தம்பி. நாங்களும் இதைச் செய்வதுண்டு. அதற்கு "பயோ" என்று பெயர், எழுதி முடித்த மறுநாள் யாரும் அதைத் திறப்பதில்லை. அவளுக்கு இரண்டு பேர் வேண்டியவர்களாக இருக்கட்டும். ஒருவருக்கு நல்லது செய்தால் மற்றவருக்குக் கெடுதல் ஆகும்படி ஒரு காரியத்தை அவள் கையில் கொடுங்கள். அதைச் செய்து முடிக்க ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்று வையுங்கள். அவள் யார் என்பது உங்களுக்கும் அப்போதுதான் தெரியும். பழைய ஏடு ஐயா சொன்ன பாண்டியனுக்கு இளங்கோ எழுதியதும் பிடித்த நிறம் அன்று. தேவியின் மாளிகைக்குப் போகும் அந்தப் பத்தடி தூரம்தான்.

மேசைவிளக்கு எழுதியது:

நாலாவது ரீல் சொன்னதைக் கவனியுங்கள்: இரண்டு பேர், ஒரு காரியம், ஒரு சாயங்காலம். இது முழுக்கக் கதைப்பின்னல். குணம் என்பது தேர்வை வெளிப்படுத்துவது என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதுதான். கூத்துக்கரை அவர்களின் இரண்டு தம்பிகள் வாதம் வலுவானது என்பதை மறுக்கவில்லை. ஒரே சூழலில் இருவர் இரண்டு விதமாகத் தேர்ந்தார்கள் என்பதற்குக் கதைப்பின்னலில் விடை இல்லை. ஆனால் கதை நடப்புக்கு உதவிய வீடணனை யாரும் நேசிப்பதில்லை, உதவாத கும்பகருணனை நேசிக்கிறோம் என்ற தொனி அதில் இருந்தது. காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் பேசுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா?

திருமண்காப்பு எழுதியது:

அதற்குத்தான் எழுத வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் வீடணனைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லிக் கேட்டதில்லை. வைணவ மரபில் வீடணன் அடைக்கலம் இராமாயணத்தின் நடு நாயகமான இடம். சரணாகதிக்குச் சான்றாக உரைகாரர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது அவனைத்தான். நம்பலாமா, கூடாதா என்று வானரத் தலைவர்கள் ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்கிறார்கள். அதுவரை அது போர்க்கால ஆலோசனை, கதைக்குத் தேவையான பகுதி. ஏற்றுக்கொண்டோம், இலங்கை அரசு உனக்கே என்று இராமன் சொன்னதோடு கதைக்கு வேண்டியது முடிந்துவிட்டது. கம்பன் அங்கே நிறுத்தவில்லை. "குகனொடும் ஐவர் ஆனேம்" என்று தொடங்கி, சுக்கிரீவனோடு அறுவர் ஆனதையும் சொல்லி, "நின்னொடும் எழுவர் ஆனேம்" என்று அவனைத் தன் தம்பிகளின் எண்ணிக்கையில் சேர்க்கிறான் இராமன். கூடப் பிறந்தவனால் துரத்தப்பட்டு வந்து நிற்பவனுக்கு அரசைவிட அந்த எண்ணிக்கைதான் முதலில் வேண்டியிருந்தது என்பதைக் கம்பன் அறிந்திருக்கிறான். கூத்துக்கரை அவர்களே, உங்கள் சோதனையை இந்தப் பாட்டுக்கும் வைத்துப் பாருங்கள். இதை எடுத்துவிட்டாலும் போர் நடக்கும்.